முதலாளி லயத்தில் தேத்தண்ணி குடித்தார்

கண்டியில் ஒரு பழைய கட்டிடத்தைக் கூட்டித் துடைத்துப் பூட்டுவது என் வேலை. அதன் மேல்மாடியில், வரிக் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெண், சனிக்கிழமைகளில் ஓர் அறையைத் திறந்து வைத்திருப்பார். கணக்காளர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் வரிக் கடிதங்களோடு வருவார்கள். அவர் பார்த்துப் பதில் எழுதிக் கொடுப்பார். காசு வாங்குவதில்லை. எல்லோருக்கும் அவர் மிஸ்.

மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. வருகிறவர்களில் பலருக்குச் சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமான அளவுதான். நான் மடவளையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் சந்தையில் மூட்டை இறக்கிய வருஷங்களில் சிங்களம் நன்றாகப் படிந்துவிட்டது. ஒருநாள் தேத்தண்ணி கொண்டுபோனபோது, "இவர் என்ன சொல்கிறார் என்று கொஞ்சம் கேள்" என்றார் மிஸ். அன்றிலிருந்து அந்த மேசைக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கதிரை.

எனக்குக் கூச்சம் அதிகம். கல்யாண வீட்டில்கூட, நாலைந்து பேர் சுற்றியிருந்து உண்ணும் சகன் தட்டுகளில் கடைசித் தட்டில் இருந்து தின்றுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் வந்துவிடுவேன். ஆனால் இந்த வேலை பிடித்திருந்தது. அங்கே என் பேச்சு எதுவும் தேவையில்லை. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொடுத்தால் போதும்.

அப்படித்தான் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். புருஷன் கண்டியில் ஒரு பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடையில் பதினெட்டு வருஷமாக வேலை. சாமான் ஏற்றுவார், இறக்குவார், இரவில் கடையைப் பூட்டுவார். அவருடைய பெயருக்குத்தான் வரிக் கடிதம் வந்திருந்தது. ஒரு பெரிய வியாபாரி கட்ட வேண்டிய வரி.

மிஸ் இரண்டு தாளைப் புரட்டியதும் விஷயம் பிடிபட்டது. முதலாளிக்கு மூன்று கடைகள். மூன்றும் ஒரே பெயரில் இருந்தால் வரி அதிகம். அதனால் ஒரு கடையையும் அதன் வங்கிக் கணக்கையும் நம்பிக்கையான வேலையாளின் பெயரில் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்துக் கடைத்தெருவில் இது புதிதல்ல. பெயர் கொடுத்தவன் அதைப் பெருமையாகத்தான் நினைப்பான்.

"செக் புத்தகம் வந்தா முழுசுக்கும் ஒரே இருப்பில கையெழுத்து வச்சிருவேன் நானா. வெறும் செக்குதான். இங்கிலீசுல வைப்பேன். முதலாளிதான் பழக்கிவிட்டாரு" என்றார் அவர். அண்ணன் என்பதற்கு எங்களை, முஸ்லிம்களை, நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆமா, ஒரு புத்தகத்துக்கு ரெண்டு வடையும் பிளேன்டீயும்" என்றாள் பெண்சாதி. "பெரிய முதலாளிங்க இவரு. இன்னைக்கு பஸ்ஸுக்குக் குடுத்தது நான்."

நான் அதைச் சொன்னதும் மிஸ்ஸும் சிரித்துவிட்டார். புருஷனும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அந்த அறையில் அவர்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சிரிக்கிற விஷயமாக அது இருக்கவில்லை. பெண்சாதி முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்து, வேலையை விட்டபோது கிடைத்த சேமலாபப் பணம், புருஷனுடைய சொந்தக் கணக்கில் கிடந்தது. அவர்கள் இருந்தது லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஓர் அறையில்; அதற்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. மண் சரியலாம், இந்த வரிசையில் ஆள் இருக்கக்கூடாது என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். ரோட்டுக்குக் கீழே ஏழு பேர்ச், ஒரு சின்ன வீட்டுக்கு அளவான காணி கிடைத்து, அத்திவாரமும் போட்டாயிற்று. சுவரும் கூரையும் அந்தப் பணத்தில்தான். வரிக் கந்தோர் கை வைத்தால் முதலில் போவது அது.

மிஸ் ஆட்சேபக் கடிதம் எழுதினார். விசாரணைக்கு நாள் வந்தது. மிஸ்ஸுக்கு அன்று கண் ஆபரேஷன். என்னையே அவர்களோடு போகச் சொன்னார். அதற்கு முந்திய சனிக்கிழமை புருஷனை உட்கார வைத்து, நான் சொல்லிக்கொடுக்க, மூன்று தடவை சொல்ல வைத்தார்: "கடை என்னுடையது இல்லை. நான் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன்." இவ்வளவுதான். பிறகு வரிக் கந்தோர்க்காரர்கள் முதலாளியைத் தேடிப் போவார்கள், உன்னை விடுவார்கள் என்றார்.

வரிக் கந்தோரில் இருந்த அதிகாரி இளம் வயது, நல்ல மனிதர். தமிழ் தெரிந்த அதிகாரி லீவில் இருக்கிறார், வேண்டுமானால் வேறு நாள் தரட்டுமா என்று கேட்டார். "தேவையில்லை ஐயா, நான் இருக்கிறேன்" என்றேன். அதை நானாகத்தான் சொன்னேன்.

அதிகாரி கடிதத்தை வாசித்துவிட்டு, "அப்படியானால் கடை யாருடையது?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

புருஷன் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு, "என்னோடதுதான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னார். "கடை என்னோடதுதான் நானா. சொல்லுங்க."

நான் சொன்னேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "கடிதத்தில் வேறு மாதிரி இருக்கிறதே? யோசித்துச் சொல்லச் சொல்லுங்கள்" என்றார். நான் கேட்பதற்குள் பெண்சாதி எழுந்துவிட்டாள்.

"பொய்ங்க ஐயா! கடை முதலாளியோடது. இவரு மூட்ட தூக்குறவரு. வெறும் செக்குல கையெழுத்து வைக்கிறத நான் ரெண்டு கண்ணாலயும் பாத்திருக்கேன். பேங்கில இருக்கிறது என்னோட காசு. நான் கொழுந்து எடுத்த காசு."

அதிகாரி என்னிடம் திரும்பினார். "அந்த அம்மா என்ன சொல்கிறார்?"

புருஷன் என் முழங்கையைப் பிடித்தார். "நானா, வேணாம் நானா. சொல்லாதீங்க."

பயமா, இரக்கமா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை. புருஷன் பெண்சாதிக்கு நடுவில் நிற்பது எனக்கு எப்போதும் கஷ்டம். வீட்டு ஆம்பிளை வேண்டாம் என்கிறான், பெண் கத்துகிறாள், பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். எப்படியாவது அந்தப் பார்வையிலிருந்து தப்பினால் போதும் என்றிருந்தது.

"அந்த அம்மாவுக்குச் சுகமில்லையாம். சீக்கிரம் முடிக்க முடியுமா என்று கேட்கிறார்" என்றேன்.

புருஷனுக்குக் கடைச் சிங்களம் தெரியும். நான் என்ன சொன்னேன் என்று விளங்கித்தான் தலையைக் குனிந்தார். அவளுக்கு விளங்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட ஆறுதலில், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதிகாரி வாக்குமூலத்தை எழுதினார். புருஷன் அதன் கீழ் இங்கிலீஷில் கையெழுத்து வைத்தார். அழகான கையெழுத்து.

வெளியே வந்து, அவள் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் கேட்டேன்: "ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"முந்தாநாள் முதலாளி வீட்டுக்கு வந்தாரு நானா. லயத்துக்கு! காரை ரோட்டுல விட்டுட்டு, அந்தச் சேத்துல நடந்து வந்தாரு. இவ கோயிலுக்குப் போயிருந்தா. எங்க கதிரையில உக்காந்து, எங்க கோப்பையில தேத்தண்ணி குடிச்சாரு. பதினெட்டு வருசத்துல என் கையால ஒரு சொட்டுத் தண்ணி வாங்கினதில்ல. உன்ன நம்பித்தான் இருக்கேன், எல்லாம் நான் கட்டுறேன்னு கையப் பிடிச்சாரு. அதுக்கப்புறம் எப்பிடி நானா அவர மாட்டிவிடுறது?"

அவள் தண்ணீர்ப் போத்தலோடு வந்துகொண்டிருந்தாள்.

முதலாளி கட்டவில்லை. கடையை மூடினார், போன் நம்பரை மாற்றினார். அவருடைய வீட்டு வாசலுக்குப் போன புருஷனைக் காவற்காரன் உள்ளே விடவில்லை. ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது என்று கடிதம் வந்தது. அதன் பிறகு வங்கிப் பணத்தையும் எடுத்துவிட்டார்கள்.

மிஸ் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். "பெண்சாதியும் போனாளே, அவள் ஒன்றும் பேசவில்லையா? அவள் சொல்லியிருந்தால் அவர்களால் தட்டிக்கழிக்க முடியாது" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை மிஸ்" என்றேன்.

ஒரு மாதம் கழித்து அவள் தனியாக வந்தாள். மிஸ்ஸுக்கு வணக்கம் சொன்னாள். பிறகு என்னிடம்தான் கேட்டாள். சண்டைக்கு வந்த குரல் இல்லை. உண்மையிலேயே விளங்கிக்கொள்ள வந்திருந்தாள்.

"நானா, நான் அவ்வளவு சொன்னேனே. அந்த ஐயா அதை எழுதலயா? பொம்பள சொன்னா எடுக்க மாட்டாங்களா?"

ஆம், எடுக்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அந்த இளம் அதிகாரியைத் திட்டிக்கொண்டு பஸ் ஏறியிருப்பாள். வாய் வரைக்கும் வந்தது.

"நான் சொல்லல்ல தங்கச்சி. நீங்க சொன்னத நான் அந்த ஐயாகிட்ட சொல்லவே இல்ல."

அவள் என்னையே பார்த்தாள். புருஷன் சொல்லச் சொன்னதா என்று கேட்கவில்லை. அதை அவளே ஊகித்திருப்பாள்.

"அப்ப அங்க நான் ஊமையாத்தான் நின்னிருக்கேன்" என்றாள். பிறகு, "சரி, இப்ப சொல்லுங்க. மிஸ்கிட்ட. நான் சொன்ன மாதிரியே" என்றாள்.

சிங்களத்தில் சொன்னேன். அவள் சொன்னதை, நான் அதிகாரியிடம் சொன்ன பொய்யை, மிஸ்ஸிடம் சொன்ன பொய்யை. மிஸ் பேனையை மூடி வைத்தார். என்னைத் திட்டவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னார்: இனி மேலே இருக்கிற சபைக்குத்தான் முறையிட வேண்டும். அதற்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. ஆனால் வழக்கை எடுப்பதற்கு முன்னால் கேட்கிற வரியில் ஒரு பங்கைக் கட்டி வைக்க வேண்டும். அந்தப் பங்கே அவர்கள் கட்டவிருந்த வீட்டின் செலவைவிடப் பெரியது.

அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"காசு இல்லன்னு சொல்றதுக்கும் காசு கட்டணுமா?" என்று கேட்டாள். அது கேள்வியா, சும்மா சொன்னதா என்று தெரியாமல் அதையும் மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ் ஆமென்று தலையாட்டினார்.

அவர்கள் இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறார்கள். மழை பலத்தால் கோயில் மண்டபத்துக்குப் போய்ப் படுப்பார்களாம். அவர் வேறொரு கடையில் மூட்டை இறக்குகிறார்.

அன்று அவள் போன பிறகு, "இதுவரை எத்தனை பேருக்கு இப்படிச் செய்தாய்?" என்று மிஸ் கேட்டார்.

"இந்த ஒன்றுதான் மிஸ்."

நம்பினாரா என்று தெரியாது. அடுத்த சனிக்கிழமை ஒரு தமிழ் ஆசிரியை வந்தார். நான் கூட இருந்து பேசிய எல்லோருடைய கோப்புகளையும் எடுத்துத் தரச் சொன்னார் மிஸ். ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, முதலிலிருந்து கேட்கப் போகிறார்களாம். அலுமாரியைத் திறந்து, தூசி தட்டி, ஒவ்வொரு கட்டாக மேசையில் வைத்தேன். ஆசிரியை என் கதிரையில் இருந்தார். முதல் நம்பரை அவர் அழுத்தும்போது, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுக் கீழே வந்து, படியைக் கூட்டத் தொடங்கினேன்.