அப்பனுக்கே அக்காவான அம்சா

பஸ்ஸில் ஏறினால் அம்சாவுக்கு எப்படியும் இடம் கிடைத்துவிடும். பதினைந்து வயதிலேயே கண்டக்டர், "பாட்டிக்கு எடம் குடுப்பா" என்பான். கன்னம் தாடைக்குக் கீழே தொங்கும். இமை கண்ணை மூடும். தோலை இழுத்துவிட்டால் இழுத்த இடத்திலேயே நிற்கும். பல் மட்டும்தான் அவள் வயதைச் சொல்லும். அதனாலேயே வாயைப் பொத்தாமல் சிரிப்பாள்.

அம்மா ஜெயம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா ஜம்புலிங்கத்துக்குத் திருத்தணியில் கைத்தறி. வேண்டாத சாமியில்லை. கடைசியில், அவளுக்குப் பதினெட்டு நடக்கும்போது மெட்ராஸில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"தோலுக்குள்ள ரப்பர் மாதிரி நார் இருக்குங்க" என்றார் டாக்டர். "ஒரு புரதம் முதல்ல மெல்லிசா சட்டம் கட்டும். இன்னொரு புரதம் அதுமேல துளித்துளியா ஒட்டி, ஒண்ணோட ஒண்ணு பிணையணும். அப்பத்தான் இழுத்தா திரும்பும். உங்க பொண்ணுக்கு அது சரியா ஒட்டல. நுரையீரல்லயும் இதே நார்தான்."

"நெடுக்கு நூல் ஓடிருக்கு, குறுக்கு நூல் பிடிக்கல."

"அப்படித்தான் வெச்சுக்குங்க. மருந்து கிடையாது."

பழுதான துணியை என்ன செய்வதென்று நெசவாளிக்குத் தெரியாதா? நல்லதை மேலே விரித்து அதை அடியில் தள்ளுவார்கள். ஜம்புலிங்கம் மகளையும் அப்படித்தான் செய்தார்.

தங்கை பத்மாவுக்குக் கனகம்மாசத்திரத்திலிருந்து பஞ்சாட்சரத்தின் வரன் வந்தது. மூத்தவள் வீட்டிலிருக்க இளையவளை எவன் கட்டுவான்? அப்பா அம்சாவைக் கூப்பிட்டார்.

"உன்னை எங்க அக்கான்னு சொல்லிடறேன். புருசன் எங்கன்னு கேப்பாங்க. அதனால பொட்டு, பூ வாணாம்."

"ஒரு நாளைக்குத்தானே நைனா?"

"ஆங்."

இருபத்திரண்டு வயதில், கல்யாணமே ஆகாமல், அவள் தாலி அறுத்தவளானாள். மாப்பிள்ளை கெட்டிக்காரத்தனமாக மாமனார் தறியிலேயே வேலைக்கு வந்து சேர்ந்தான். அந்த ஒரு நாள் முடியவேயில்லை. பத்மா தனியாக இருக்கும்போதுகூட "அத்தே" என்றுதான் கூப்பிட்டாள், வாய் தவறிவிடுமாம். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் தெருவில் அது பச்சைப்பொய். எல்லார் வீட்டிலும் கட்டிக்கொடுக்கப் பெண் இருந்தது, எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம்.

வருஷத்துக்கொரு தரம் டாக்டர் அவளை மாணவர்களுக்குக் காட்ட வரச்சொல்வார். பையன்கள் வரிசையாக வந்து கன்னத்தை இழுத்துப் பார்ப்பார்கள். நானாக இருந்தால் அறைந்திருப்பேன். அவளோ கிளம்புவதற்கு முதல் நாளே தலைக்குக் குளித்துவிடுவாள்.

"இதுக்கு ஏண்டி ஓடிப்போற?" என்று கேட்டேன்.

"அவரு அத்தினி பேருக்கு முன்னாடி என் வயசைச் சொல்வாருக்கா. இருபத்தாறுன்னாரு இந்தத் தரம்" என்றாள்.

அடுத்து மூச்சு திணறத் தொடங்கியது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டே கிடந்து, எண்பத்தொன்றாம் வருஷம் செத்துப்போனாள். முப்பத்தொரு வயது.

கன்னியாகச் செத்தவளுக்கு எங்கள் பக்கம் மஞ்சள் பூசி, பூ வைத்து அனுப்புவார்கள். வருஷாவருஷம் பாவாடை வைத்துப் படைப்பார்கள். பெண்கள் நாங்கள் மஞ்சளை அரைத்து வைத்துக்கொண்டு பத்மாவின் முகத்தையே பார்த்தோம். அக்கா என்று ஒரு வார்த்தை அழுதால் போதும். அவள் புருஷனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு "என்னைப் பெத்த அத்தே" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

பஞ்சாட்சரம் நல்லவன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. "வயசான கட்டை, கல்யாண சாவு. அழுவாதீங்க மாமா" என்று மாமனாரைத் தேற்றினான். மேளம், பட்டாசு எல்லாம் அவன் ஏற்பாடு. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டுமல்லவா, தன் ஆறு வயது மகளைக் கூப்பிட்டு, "பாட்டிக்குப் பந்தம் புடிம்மா" என்றான்.

பந்தத்தைக் கொளுத்தி அந்தக் குழந்தை கையில் கொடுத்தவள் பத்மா.