முப்பத்திரண்டாவது பெயர்

கடலால் கள்ளமாக வந்திறங்குகிறவர்களைப் பிடிப்பதற்காக, அடையாள அட்டை புழக்கத்துக்கு வந்த புதிதில் எங்கள் தலையிலும் ஒரு வேலையைக் கட்டினார்கள். குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவு வள்ளத்துக்குச் சீட்டுக் கொடுத்து, அதிலேயே போய் வந்தவன் நான். ஏறுமுன் ஒவ்வொருவரின் அட்டையையும் வாங்கி, படத்தையும் முகத்தையும் பார்த்து, பெயரை எழுத வேண்டும். அட்டையில்லாத ஒருவர் அக்கரையில் இறங்கினால் வள்ளக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

காற்றே இல்லாத ஒரு மத்தியானம். கடைசியாக வந்த பெண் இரண்டு அட்டைகளை நீட்டினார். ஒன்று அவருடையது. மற்றதில் ஓர் ஆணின் படம்.

"ஆள் எங்கை அக்கா?" என்று கேட்டேன்.

"அவர் முன்னுக்கு ஏறியிட்டார்."

வள்ளத்துக்குள் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அந்த முகம் இல்லை. திரும்பி வந்து, ஆளைக் காணாமல் எழுத ஏலாது என்றேன். அவர் கோபிக்கவில்லை, அழவுமில்லை. அட்டையை நீட்டியபடியே நின்றார்.

வள்ளம் ஓட்டுகிறவர் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். அது அந்தப் பெண்ணுடைய புருசன் என்றும், மீன்பிடிக்கப் போனவர் திரும்பவில்லை, உடலும் கரை ஒதுங்கவில்லை என்றும் சொன்னார். மூன்று மாதமாக அந்தப் பெண் இந்தப் பக்கத்துக் கரையெல்லாம் தேடித் திரிகிறாராம்.

"எழுதிவிடும்," என்றார். "இண்டைக்குத்தான் வீட்டை போக வெளிக்கிட்டிருக்கிறா."

எழுதினேன். முப்பத்திரண்டாவது பெயர். வள்ளத்தில் பயணிகள் முப்பத்தொரு பேர்.

சனம் நெருக்கியடித்து இருந்தது. சிலர் நின்றார்கள். ஆனாலும் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிற அளவு பலகை வெறுமையாகவே கிடந்தது. ஒருவரும் அதில் இருக்கலாமோ என்று கேட்கவில்லை.

நெடுந்தீவில் ஓர் உத்தியோகத்தர் இறங்குகிறவர்களை எண்ணி என் பட்டியலோடு ஒப்பிடுவார். ஒருவர் குறைந்தால் என்ன சொல்வது? அவருக்குப் பின்னால் நின்று நானும் எண்ணினேன். முப்பத்தொன்று.

அவர் பட்டியலைப் பார்த்தார். "முப்பத்திரண்டு. சரி," என்று கையெழுத்து வைத்தார்.

பிழையாக எண்ணியிருப்பார் என்று வழிநெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த கிழமை அந்தப் பெண் நெடுந்தீவிலிருந்து வந்து, பின்னேரம் திரும்பிப் போக வள்ளத்தடிக்கு வந்தார். இந்த முறை ஓர் அட்டைதான் நீட்டினார். கேட்டிருக்கக் கூடாது. வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"அண்ணை வரேல்லையோ?"

"இல்லைத் தம்பி. அவர் வீட்டிலை நிக்கிறார்," என்று சொல்லிவிட்டு வள்ளத்தில் ஏறினார்.