ஜோதி ஓட்டத்தில் தாய்மாமன்

ஓட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கமிட்டிப் பையன்கள் அந்தப் பந்தத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். முழ நீளத்துக்கு அலுமினியக் குழாய், அதன் தலையில் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் எண்ணெயில் ஊறிய துணி. வாடை மூக்கில் ஏறியதுமே அதை எட்டத் தள்ளிப் பிடித்தேன். இருபது வருஷத்துக்கு மேலாகப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கிறேன். காலையில் கேட்டில் நின்று, உள்ளே போகிற ஆண்களின் சட்டைப் பையில் பீடி, தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. அப்பேர்ப்பட்டவனிடம், “தாய்மாமன் நீங்கதான் பெரியம்மா பக்கத்துல ஓடணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியம்மா என்று அவர்கள் சொன்னது என் அக்காவை.

என் அக்கா மகன் பட்டாளத்தில் இருந்தவன். எல்லையில் இறந்துபோனான். அவனைப் பட்டாளத்துக்கு அனுப்பியது வீரத்தால் அல்ல, பயத்தால். அதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். அக்காவின் புருஷன், என் மச்சான், கம்பெனியில் பட்டாசு மருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்துக் கருகிப்போனவர். அன்றிலிருந்து மகனைக் கம்பெனி வாசலை மிதிக்கவிடக் கூடாது என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். பட்டாளம்தான் பத்திரம் என்று நானும் ஒத்து ஊதினேன். லீவில் வந்தால் அவன் என்னை விடமாட்டான். கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பக்கத்து ஆளின் சட்டைப் பையை நான் ஓரக்கண்ணால் பார்ப்பதைக் கண்டுபிடித்து, “மாமா, துப்பாக்கிக்கு முன்னால நிக்கது நானு, பயந்து சாகுறது நீங்களா?” என்று சிரிப்பான். இருபத்தாறு வயதில் போய்விட்டான். எனக்கு இன்றும் ஆறவில்லை.

அவன் நினைவு நாளில் ஊர்ப் பையன்கள் பள்ளிக்கூடத்திலிருந்து அவன் நினைவுத்தூண் வரைக்கும் ஓடுவார்கள். மூன்றாம் வருஷம் யாருக்கோ யோசனை தோன்றி, இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதியில் ஜோதி ஏற்றி, கைமாற்றிக் கைமாற்றி ஊருக்குக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. வருகிற பாதை விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளை ஒட்டியது. அதுவும் தீபாவளி சீசன். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். செத்தவனுக்குச் செய்கிற மரியாதையைச் சொந்த மாமனே தடுக்கிறான் என்று பேச்சு வருமே என்று நினைத்தேன். நல்லா இருக்கு, செய்ங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காலை எட்டு மணிக்குக் கம்பெனித் திருப்பத்தில் ஜோதி அக்கா கைக்கு வந்தது. சேலைக்கு மேல் அவன் படம் போட்ட வெள்ளைப் பனியனை மாட்டியிருந்தாள். சாலையின் இரண்டு பக்கமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடி பிடித்து நின்றார்கள். “வீர வணக்கம்” என்ற சத்தம் காதைப் பிளந்தது. முப்பது அடி ஓடியிருப்போம். முன்னால் கம்பெனி கேட்டை ஒட்டி ஒரு லோடு வேன் நின்றது. தார்ப்பாய் பாதிதான் மூடியிருந்தது, உள்ளே பட்டாசுப் பெட்டிகள். காற்று எங்கள் முதுகிலிருந்து வேனைப் பார்த்து அடித்தது. பந்தத்திலிருந்து ஒரு சொட்டு எரிந்துகொண்டே தாரில் விழுந்தது. பிறகு இன்னொன்று. வேனையும் பார்த்தேன், அதற்குப் பக்கத்தில் நின்ற பிள்ளைகளையும் பார்த்தேன். “நில்லுக்கா” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. கால்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன.

அக்கா சட்டென்று நின்றாள். சாலையை விட்டு இறங்கி, கேட்டில் மாட்டியிருந்த மணல் வாளிக்குள் பந்தத்தைத் தலைகீழாகச் செருகி, இரண்டு கையாலும் அழுத்தினாள். கோஷம் நின்றுபோயிற்று. கமிட்டிப் பையன் ஒருவன் அழாத குறையாக ஓடிவந்தான்.

“பெரியம்மா, சாமி சன்னதில ஏத்துனது. இப்படிப் பண்ணிட்டீகளே!”

“உங்க பெரியப்பாவத் தூக்கிட்டுப் போனப்ப இதே ரோட்டுலதாம்லே தலைவிரிகோலமா ஓடுனேன். எம்புள்ள பேரச் சொல்லி இன்னொருத்தி அப்படி ஓட வேண்டாம்.”

டிரைவர் வேனை அவசரமாக எடுத்துக்கொண்டு போனான். அக்கா அணைந்த பந்தத்தை உருவி மணலைத் தட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“ஏலே, நீ பாத்தேல்ல?”

“இல்லக்கா. நான் பாக்கல.”

ஒரு கணம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஓட ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு ஜோதி கிடையாது. வெறுங்கையோடுதான் ஓடுகிறார்கள். சென்ற மாதம்கூட ஓடினோம். அன்று கேட்டதை அக்கா திரும்பக் கேட்டதில்லை. என்னிடம் முன்போலத்தான் இருக்கிறாள், கறிக்குழம்பு வைத்தால் தூக்குச்சட்டியில் கொடுத்து அனுப்புகிறாள். ஆனாலும் ஓடும்போது எங்கே திரும்பிப் பார்த்து இன்னொரு தரம் கேட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம். அதனால் நான்கு அடி பின்னாலேயே ஓடுகிறேன். தாய்மாமனுக்கு மூச்சு வாங்குகிறது, வயசாகிவிட்டது என்று பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.