வீட்டுக் கணக்கில் இருபத்தாறு

லுவா கத்தரிக்கோல்களைத் துணியில் சுற்றிக் கொதிநீரில் இறக்கிக்கொண்டிருந்தாள். கை வேலையில் இருந்தது, உதடு பிரெஞ்சுச் சொற்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலை மருத்துவச்சிப் பயிற்சிக்கு நுழைவுத் தேர்வு.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம்; ஹனோய் பக்கம் சிவப்பாற்றங்கரை ஊர் ஒன்றின் பிரசவ விடுதியில் அப்போது நான் மருத்துவச்சி. தரை துடைக்க வந்த லுவா, ஏழு ஆண்டுகளில் கால் முன்னால் வரும் குழந்தையையும் பதறாமல் எடுக்கக் கற்றிருந்தாள். ஆனால் சான்றிதழ் இல்லாதவள் கத்தரிக்கோலைக் கழுவலாம், தொப்புள்கொடியை வெட்டக்கூடாது. நான் இரண்டு பிரசவங்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவள்தான் வெட்டினாள். ஏட்டில் என் பெயர் ஏறியது.

அவள் ஊர்ப் பள்ளியில் மூன்று வகுப்புதான். அதற்கு மேல் படிக்க ஆற்றின் அணைக்கரையில் பதினைந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். அங்கே போனால் பாடம் முழுக்க பிரெஞ்சு. பெண்களுக்கு ஒரே வகுப்பு, அதிலும் குமாஸ்தாக்களின் மகள்கள் நிறைந்திருப்பார்கள். லுவா ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரிடம் எட்டு ஆண்டு பிரெஞ்சு படித்தாள். போன வருடத் தேர்வில் வந்த சொல்லக் கேட்டு எழுதும் பத்தி திராட்சை அறுவடையைப் பற்றியது.

"திராட்சை எம்மாம் பெரிசா இருக்கும்க்கா?" என்று கேட்டாள்.

"லோங்கான் பழம் மாதிரின்னு வச்சுக்கோ, கோலிக்குண்டு அளவு."

"பிள்ளை எடுக்கறவளுக்கு எதுக்குக்கா அது?"

அடுத்த பத்தியைப் படிக்கச் சொன்னேன்.

அன்று நண்பகல் தேர்வு எழுதுவோர் பட்டியலை விடுதி வாசலில் ஒட்டினார்கள். லுவாவின் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டதாம். அவளுக்கு நடந்துகொண்டிருந்தது இருபத்தைந்து, முடிந்தது இருபத்து நான்குதான். அடுத்த தேர்வு இரண்டு ஆண்டு கழித்து. அப்போது அவள் உண்மையாகவே வயது கடந்தவள் ஆகிவிடுவாள்.

நேரே அவள் ஊர்த்தலைவர் போங் வீட்டுக்குப் போனோம். வயதுச் சான்று எழுதியவர் அவர். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே வரவேற்றார்.

"வாம்மா லுவா! பரீட்சை பாஸ் பண்ணிட்டியா?"

"எழுதவே விட மாட்டேங்கறாங்க பெரியப்பா. என்ன வயசு போட்டீங்க?"

"இருபத்தாறு. நம்ம வழக்கப்படிதான். பொறந்ததும் ஒண்ணு. நீ பொறந்தது நம்ம நிலாக் கணக்குல பன்னண்டாம் மாசம் இருபத்தெட்டு. ரெண்டு நாள்ல புத்தாண்டு, அப்ப ரெண்டு. அப்புறம் வருசத்துக்கு ஒண்ணு. உங்க அம்மா கூட அப்படித்தானே எண்ணுவா?"

"பொறந்து மூணு நாள் ஆகலே, ரெண்டு வயசா!" என்றேன். "அதை அவங்க கணக்குல இந்த முப்பத்தாறுல இருந்து கழிச்சு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்துன்னு எழுதிட்டீங்களே! அவங்க நாட்காட்டியில இவ பொறந்தது பன்னண்டாம் வருசம் பிப்ரவரியில."

"எனக்கு அவங்க கணக்கு யாரு சொல்லிக் குடுத்தா? படிச்சவங்க வருசம் கேட்டாங்க, கழிச்சுப் போட்டேன்." வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். "நானும் மூணு வகுப்புதாம்மா."

அதற்கு மேல் அவரிடம் கோபப்பட்டு என்ன பயன்? உள்ளதை விளக்கி ஒரு தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

பட்டியல் போட்ட அலுவலகத்தில் எழுத்தர் துயென். ஹனோயில் படித்தவர், நம் ஆள். முதலில் பிரெஞ்சில்தான் பேசினார். லுவா பிரெஞ்சிலேயே பதில் சொன்னதும் நம் மொழிக்கு இறங்கினார்.

"இந்தத் தாள் செல்லாதும்மா. பிறந்த வருசத்தைத் திருத்த நீதிமன்றத் தீர்ப்பு வேணும். மூணு மாசம் ஆகும்."

"பரீட்சை நாளைக்கு ஐயா," என்றாள் லுவா.

"தெரியும்."

"உங்க வீட்ல உங்களுக்கு என்ன வயசுன்னு சொல்றாங்க?" என்று நான் கேட்டேன்.

"நாப்பது."

"இங்கே?"

"முப்பத்தொம்பது." பேனாவை மூடினார். "அது வீட்டுக் கணக்கு. இது ஆபீஸ் கணக்கு. என்னை வம்புல மாட்டி விடாதீங்கம்மா. எனக்கும் மேலதிகாரி இருக்காரு."

"ஊர்ல பாதிப் பேருக்குத் தப்பா எழுதியிருக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். யாரும் கேக்கலையே."

விடுதி டாக்டரிடம் ஓடினேன். லுவா எடுத்த குழந்தைகளைப் பார்த்திருக்கிற பிரெஞ்சுக்காரர் அவர். "பரிதாபம்தான்," என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திரும்பி வரும்போது லுவா அழவில்லை. அணைக்கரையில் நின்று, "எட்டு வருசம் அந்தத் தபால்காரத் தாத்தாவோட வசவை வாங்கினேன்க்கா," என்றாள். "ஒருத்தராவது எனக்குத் தேதி எண்ணச் சொல்லிக் குடுத்திருக்கலாம்."

மறுநாள் காலை தேர்வு எழுத ஏழு பெண்கள் விடுதிக்கு வந்தார்கள். ஒருத்தி தேர்வு அறை எங்கே என்று லுவாவிடம் கேட்டாள். லுவா வழி காட்டிவிட்டு வார்டுக்குள் வந்து ஒரு பள்ளி நோட்டைப் பிரித்தாள். முந்தின இரவு பிறந்த நான்கு குழந்தைகளின் பெயர், நாள், மாதம், வருடம் எல்லாவற்றையும் வெள்ளைக்காரர் நாட்காட்டிப்படி நம் எழுத்திலும் பிரெஞ்சிலும் எழுதி, தாளைக் கிழித்து நான்கு தகப்பன்மாரிடமும் கொடுத்தாள்.

"இதை அப்படியே ஊர்த்தலைவர்கிட்டக் குடுங்க. வயசு கேட்டா வாயைத் திறக்காதீங்க, தாளைக் காட்டுங்க."

ஒருவன் சிரித்தான். "புத்தாண்டு வந்தா எம்பையனுக்கு ரெண்டு வயசு இல்லையாக்கா?"

"வீட்ல எத்தனை வேணா கொண்டாடுங்க," என்றாள் லுவா. ஐந்தாவது தாளுக்கு இன்னொரு தகப்பன் வருகிறானா என்று வாசலைப் பார்த்தாள்.