பேச்சிமுத்துவின் சுண்டுவிரல்

நாகல் நகரில் என் ஸ்டுடியோ வாசலில் ஒரு பெரிய கபடிப் படம் மாட்டியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு வாரத்துக்கு இரண்டு பேராவது உள்ளே வந்து, "அண்ணே, போட்டோவத் தலைகீழா மாட்டிட்டீங்க" என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவன் நான். எது மேல், எது கீழ் என்று எனக்குத் தெரியாதா? முதலில் வள்ளென்று விழுவேன். அப்புறம் மனசு கேட்காமல் உட்கார வைத்து, டீ சொல்லி, பேச்சிமுத்துவைப் பற்றிச் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைக்கோட்டை அடிவாரத்து டீக்கடையில் நாங்கள் கூடுவோம். நாங்கள் என்றால் ஊரில் உள்ள காமிராப் பைத்தியங்கள். தோல் வியாபாரம் செய்யும் அக்பர் அலி பாய். வங்கியில் வேலை பார்க்கும் கீர்த்தனா. லீவு கிடைத்தால் சிறுமலைக்குப் போய்ப் பறவை எடுக்கிற பெண். அப்புறம் ராயப்பராஜ் ஆகிய நான். ஆளின் கண்ணைத் தானே தேடி ஃபோகஸ் செய்கிற மிரர்லெஸ் காமிரா வந்த பிறகு எங்களுக்குள் சண்டைக்குப் பஞ்சமே இல்லை. நான் ஒரு கம்பெனி, பாய் எதிர்க் கம்பெனி.

"ஓடுற ஆளோட கண்ணக் கவ்விப் புடிக்கும் பாய் என் காமிரா. ஒங்களது காது வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துரும்" என்பேன்.

"காதும் மூஞ்சியிலதானய்யா இருக்கு" என்பார் பாய், டீயை ஆற்றிக்கொண்டே.

இந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. அடுத்தவர் காமிராவை வாங்கிப் பார்க்கலாம், படம்கூட எடுக்கலாம். ஆனால் செட்டிங்கைத் தொடக்கூடாது. ஒருமுறை பாய் என் ஃபோகஸ் செட்டிங்கை மாற்றிவைத்துவிட்டார் என்று மூன்று வாரம் நான் அவரோடு பேசவில்லை.

பேச்சிமுத்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் காமிரா கிடையாது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் மெஷின் ஓட்டியவர். பதினோரு வருடத்துக்கு முன் அந்த மெஷின் அவருடைய வலது கையில் கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கையும் எடுத்துக்கொண்டது. இப்போது அதே மில்லில் கேட்டில் உட்கார்ந்து வருகைப் பதிவு பார்க்கிறார். அதற்கு முன்பு அவரிடமும் ஒரு காமிரா இருந்ததாம். மகள் தவழ்ந்தது, நடந்தது, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது எல்லாம் எடுத்திருக்கிறார். எந்தக் கடையில் போய் எந்தக் காமிராவைக் கேட்டாலும் படம் எடுக்கிற பொத்தான் வலது பக்கம்தான் இருக்கும். விரல் போன பிறகு அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்.

காமிராதான் போனது, கிறுக்கு போகவில்லை. புதிதாக ஒரு லென்ஸ் வந்தால் எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். ஒரு தடவை சர்ச்சில் கல்யாணம். மோதிரம் மாற்றுகிற நேரம். என் காமிரா பெண்ணை விட்டுவிட்டுப் பாதிரியாரின் கண்ணையே போய்ப் போய்ப் பிடிக்கிறது. எனக்கு வியர்த்துவிட்டது. தூணுக்குப் பின்னால் நின்று அவருக்கு போன் போட்டேன்.

"பதறாதீங்கண்ணே. மெனுவுல ஊதாப் பக்கம் போங்க. நாலாவது வரி. ஒரு மூஞ்சிய விட்டு இன்னொரு மூஞ்சிக்குத் தாவுற வேகம் அதுல இருக்கும். அஞ்சுல கெடக்கும், ரெண்டுக்கு எறக்குங்க."

ஐந்தில்தான் கிடந்தது. கையில் இல்லாத காமிராவின் மெனு அந்த மனிதனுக்கு மனப்பாடம்! அவர் மில் கேட்டில் உட்கார்ந்து யாருக்கோ வருகைப் பதிவு போட்டுக்கொண்டே இதைச் சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. மகள் தமிழ்நிலா பள்ளிக்கூட அணியில் கபடி ஆடுகிறாள். ரெய்டு போவதில் கெட்டிக்காரி. அவள் ஆடும்போது முகம் தெரிய ஒரு படம் எடுக்க வேண்டும், அதுவும் தன் கையால். செல்போனில் எடுத்துப் பார்த்தார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தால் பிள்ளை ஒரு புள்ளியாகத் தெரிந்தாள். இது அவளுக்குப் பிளஸ் டூ. அடுத்து நர்சிங் படிக்கப் போகிறாள், இந்த வருடத்தோடு ஆட்டம் முடிந்தது. "அதுக்கென்ன, நான் வந்து எடுத்துத் தாரேன்" என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "நீங்க எடுத்தா நல்லாத்தேன் இருக்கும். ஆனா நானு எடுக்கணும்ண்ணே" என்றார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் புதுக் காமிரா கொண்டுவந்தாலும் இடது கையால் வாங்குவார். வாங்கியதும் அப்படியே தலைகீழாகத் திருப்பிக் கண்ணருகில் கொண்டுபோய், டீ மாஸ்டர் பக்கம் செத்த நேரம் காட்டிவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். பழைய காமிரா வாங்குகிறவர்கள் அடிப்பக்கத்தில் கீறல் இருக்கிறதா என்று இப்படித்தான் பார்ப்பார்கள். அவரும் அதைத்தான் பார்க்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். எட்டு மாதமாக ஒரு காமிரா விடவில்லை.

தைப்பொங்கல் முடிந்து நான் புதுக் காமிராவோடு போனேன். அன்று எனக்குக் கால் தரையில் இல்லை. பேச்சிமுத்து வாங்கினார், கவிழ்த்தார். ஏனோ எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "யோவ், நேத்து வந்த காமிராய்யா. அடியில என்னத்தத் தேடுற? நீ வாங்கவும் போறதில்ல, படம் எடுக்கவும் போறதில்ல. எதுக்கு இந்தச் சோதனையெல்லாம்?" என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. அவர் காமிராவைக் கண்ணிலிருந்து எடுத்து என் கையில் பத்திரமாக வைத்தார். "ஒரு மூஞ்சி கெடைக்குதான்னு பாத்தேண்ணே" என்றார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன். கடைசியில் பதினோரு படங்கள் தலைகீழாக இருந்தன. முன்பும் எங்கள் கார்டுகளில் இப்படி வந்ததுண்டு, கை தவறி அமுங்கியது என்று பார்க்காமலே அழித்துவிடுவோம். திருப்பிப் பார்த்தேன். முதல் மூன்றும் டீ மாஸ்டர். மிச்சமெல்லாம் நான். வாய் கோண, கழுத்து நரம்பு புடைக்க, கையை நீட்டி அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். எட்டிலும் என் கண் அவ்வளவு துல்லியம், இமை மயிரை எண்ணலாம். என்னை இதுவரை யாரும் இவ்வளவு நன்றாகப் படம் எடுத்ததில்லை. எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி மாளாது.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். தமிழ்நிலாதான் கதவைத் திறந்தாள். "வாங்க மாமா. அப்பா பெல்லு அமுக்கிட்டு இருக்காரு" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போனால், பேச்சிமுத்து ஒரு மரக்கட்டையைக் கண்ணருகில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கட்டையின் இடது பக்கத்தை இடது கை பற்றியிருக்கிறது. அடியில் ஒரு காலிங் பெல் சுவிட்ச். அதைச் சுண்டுவிரல் அமுக்குகிறது. கட்டைக்கு முன்னால் லென்ஸ் மாதிரி ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கட்டி, அதை விரல் இல்லாத வலது உள்ளங்கையில் தாங்கியிருக்கிறார்.

"தெனம் ஒரு மணி நேரம் இதே வேல மாமா. முன்னாடி நெசமாவே பெல் அடிக்கும். அம்மாதான் சண்ட போட்டு வயரப் புடுங்கிருச்சு" என்றாள் தமிழ்நிலா.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் கேட்க விடவில்லை. கட்டையைக் காட்டி விளக்க ஆரம்பித்துவிட்டார். காமிராவைக் கவிழ்த்தால் பொத்தான் இடது பக்கம் வந்துவிடும். உள்ளே தெரிகிற காட்சி நேராகத்தான் தெரியும். பிடிக்கவும் அமுக்கவுமே அந்தக் கை சரியாகப் போய்விடும். ஃபோகஸ் புள்ளியை நகர்த்த விரல் மிச்சமில்லை. முகத்தைக் காமிராவேதான் தேடிப் பிடிக்க வேண்டும். ஆனால், கவிழ்ந்த காமிராவுக்கு எல்லா முகமும் தலைகீழ். கண் மேலே, வாய் கீழே என்று பழகின காமிராக்கள் அதை முகம் என்றே ஒத்துக்கொள்ளாது.

"பாயோடது சுத்தமா முடியாதுன்னுருச்சு. கீர்த்தனா பாப்பாவோடது பத்துக்கு மூணு. ஒங்களது பதினொண்ணுக்கு பதினொண்ணுண்ணே!" என்றார். அவர் கண் மின்னியது. நான் திட்டினதெல்லாம் அவர் காதில் விழுந்ததா என்றே சந்தேகம் வந்துவிட்டது. இந்த மனுசனையா படம் எடுக்கப் போவதில்லை என்றேன்!

அந்தச் சனிக்கிழமை மாவட்ட இறுதி ஆட்டம், வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில். தமிழ்நிலாவுக்கு அதுதான் கடைசி ஆட்டம். புதுக் காமிராவையும் பெரிய லென்ஸையும் அவர் கையில் கொடுத்து, "எல்லாம் சரியா வச்சிருக்கேன், அமுக்குறது மட்டும்தான் ஒன் வேல" என்றேன். நான் பழைய காமிராவை எடுத்துக்கொண்டேன். களத்தின் ஒரு கோடியில் தரையில் உட்கார்ந்தோம். முதல் பாதியில் தமிழ்நிலா எங்களைப் பார்த்தபடி நான்கு ரெய்டு வந்தாள். நான்கிலும் அவர் சுண்டுவிரல் அமுக்கிக்கொண்டே இருந்தது.

இடைவேளையில் படங்களை ஓட்டிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் பிள்ளை கலங்கலாக இருந்தாள். பின்னால் பள்ளிச் சுவரின் மேல் உட்கார்ந்திருந்த காக்காய் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"அண்ணே, பறவைல கெடக்குண்ணே" என்றார் மெதுவாக.

இரண்டு நாள் முன்னால் கீர்த்தனா அதைச் சிறுமலைக்குக் கொண்டுபோனாள். மனிதர்களை விட்டுவிட்டுப் பறவையை மட்டும் தேடும்படி நான்தான் மாற்றிக் கொடுத்திருந்தேன். திரும்ப வந்ததும் நான் பார்க்கவே இல்லை. "மொத ரெய்டுலயே தெரிஞ்சிருக்குமேய்யா, மாத்த வேண்டியதுதான?" என்றேன்.

"அடுத்தவங்க காமிரால செட்டிங்கத் தொடக்கூடாதுல்லண்ணே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் சட்டம், என் சண்டை, என் கொழுப்பு! மனிதர்களுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, "இனி இது ஒன் காமிரா, எத வேணாலும் மாத்து" என்றேன். "பரவால்லண்ணே, காக்கா நல்லா வந்துருக்கு" என்று அவர் என்னைத் தேற்றினார்.

இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறின. இப்போது தமிழ்நிலாவின் அணி எங்கள் பக்கம். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் ரெய்டு போவாள். எதிர்க் கோடிக்குப் போய்விடலாம் என்று எழுந்தால், சனம் நாலாப் பக்கமும் நெருக்கி நிற்கிறது, ஓர் அடி நகர வழியில்லை. முதுகுதான் கிடைத்தது. முதுகு, சடை, ஏழாம் நம்பர். நான் திரும்பிப் பேச்சிமுத்துவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

கடைசி நிமிடம். தமிழ்நிலா அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசி ரெய்டுக்கு அவள்தான் போனாள். ஒருத்தியைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கும்போது அவளே காலைப் பிடித்துவிட்டாள். இன்னொருத்தி இடுப்பில் விழுந்தாள், மூன்றாமவள் மேலே விழுந்தாள். தமிழ்நிலா மல்லாக்க விழுந்தாள். தலை எங்கள் பக்கம். நடுக்கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கழுத்தை வளைத்துத் தலையை அண்ணாந்தாள். முகம் தெரிந்தது, தலைகீழாக. மூச்சை விடாமல் கையைத் தலைக்கு மேலே நீட்டினாள்.

என் காமிரா அந்த முகத்தைத் தேடித் தவித்து, கடைசியில் பிடித்தவளின் முழங்கால் பட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் சுண்டுவிரல் விடாமல் அமுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

விசில். பிடித்த மூன்று பேருக்கும் சேர்த்து மூன்று புள்ளி என்று நடுவர் மூன்று விரலைக் காட்டினார். ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டார்கள். கூட்டம் களத்துக்குள் ஓடியது. பேச்சிமுத்து எழுந்திருக்கவில்லை, காமிராவை நேராகத் திருப்பி மடியில் வைத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவிழ்த்துப் பிடித்து எடுத்ததால் படத்தில் மைதானம், கூட்டம், வானம் எல்லாம் தலைகீழாக இருந்தன. தலைகீழாக விழுந்த தமிழ்நிலாவின் முகம் மட்டும் நேராக இருந்தது. கவிழ்ந்த காமிராவுக்கு அந்த மைதானத்திலேயே ஒழுங்கான முகம் அது ஒன்றுதான், பார்த்ததும் கவ்வியிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண் இரண்டையும் அகல விழித்துக்கொண்டு பிள்ளை நம்மையே பார்க்கிறாள்.

"வீட்டுக்குப் போயித் திருப்பிக்கிடலாம்ய்யா" என்றேன்.

"வேணாம்ண்ணே. பாப்பா மூஞ்சி நேரா இருக்குல்ல, அம்புட்டுப் போதும்."

இடது கட்டைவிரலால் படத்தைப் பெரிதாக்கினார். முகத்தில் நிற்பார் என்று நினைத்தேன். அதைத் தாண்டி, நீட்டிய கையைத் தொடர்ந்து, சுண்ணாம்புக் கோடு வரைக்கும் நகர்த்திக்கொண்டு போனார். அங்கே நிறுத்தி, குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"அண்ணே, அஞ்சு வெரலும் கோட்டுல இருக்குண்ணே" என்றார்.

நானும் எண்ணிப் பார்த்தேன். ஐந்தும் இருந்தது.