பிள்ளை பெற்றவளுக்கு விட்ட குளக்கரை

காலை ஏழு மணிக்கு அருமனையிலிருந்து என் சொந்த வில்வண்டியில் புறப்பட்டேன். கைப்பிடி மண்ணும் இல்லாமல் பிறந்து, இன்று ரப்பரும் தெங்குமாக நாற்பது ஏக்கர் ஆள்பவன் நான். இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ரப்பர் விலை விழுந்தபோதும் நான் விழவில்லை. தொடுவெட்டியில் பஸ் ஏறினேன். மடியில் இரண்டு கோழி.

"பாட்டா, கோழியளுக்கும் டிக்கெட் எடுக்கணும்," என்றான் கண்டக்டர்.

"இந்தப் பஸ்ஸையே வெலைக்கு வாங்குவேம்லே!"

"வாங்கும். பொறவு கோழிய ஓட்டச் சொல்லும்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கோழி, என் மகள் ஞானம்மாளுக்கு. என் வீட்டில் பெற்றெடுத்துப் புகுந்த வீட்டுக்குப் போனபோது மெலிந்து, பால் வற்றிக் கிடந்தாள். பேரன் பிழைப்பானா என்பதே ஆறு மாதமாக என் கவலை.

தக்கலையில் இறங்கி, குளச்சல் சாலையில் மூன்று மைல் நடந்து நண்பகலில் சம்பந்தி ஊரை அடைந்தேன். முதலில் தெரிவது குடிநீர்க் குளம். அதன் மேட்டுப்புறத்தில் வீடோ தொழுவமோ இல்லை. மாடு குளிப்பாட்டக் கீழே வேறு குளம். கரையெங்கும் பாத்தி பாத்தியாகக் கீரை, பயறு, ஓரமாக முருங்கை. நடுவில் என் மகள் கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள். கொழுகொழுவென்று பேரன் அவள் சேலையைப் பிடித்து நின்றான். "கர்த்தாவே, ஸ்தோத்திரம்!" என்றேன்.

கரை சம்பந்தி குடும்பத்து நிலம்தான். ஆனால் எந்தச் சாதி, எந்தச் சபை என்று பாராமல், பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு பாத்தி. பிள்ளை நடக்கத் தொடங்கினால் அடுத்துப் பெற்றவளுக்கு அது கைமாறும்.

சாப்பிட்டு முடித்ததும் சம்பந்தியிடம் கேட்டேன்: "அந்தக் கரைய எனக்கு வெலைக்குத் தாரும். எனக்க மவ பேருல எழுதணும்."

அவர் வாய் திறக்குமுன் மகள் முந்தினாள். "வேண்டாம்ப்பா. அடுத்த வீட்டு செல்லத்தாய்க்கு இது பேறு மாசம். பய நடந்துட்டா எனக்க பாத்தி அவளுக்கு."

"அவளுக்கும் கோழி வாங்கிக் குடுக்கேன்."

"நம்ம தோட்டத்துல வேலைக்கு வாரவளுக பெத்தப்போ குடுத்தீங்களா?"

சம்பந்தி வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

மாலையில் ஊர் திரும்பினேன். எங்கள் ஓடைக்கரையில் தண்ணீரைத் தொடும்வரை ரப்பர், எல்லாம் நான் நட்டது. அதில் வேலை செய்கிறவர்களுக்கு மரச்சீனிக் கிழங்கைத் தவிர வேறொன்றும் நட இடமில்லை.

மறுநாள் ஓடைக்கரை மரங்களை வெட்டச் சொன்னேன். கங்காணி திகைத்தான். "முதலாளி, நல்ல வெளச்சலுள்ள மண்ணாச்சே!"

"அதுக்குத்தாம்லே வெட்டச் சொல்லுதேன்."

முதல் பாத்தியைப் போன மாதம் பிள்ளை பெற்ற ரப்பர் பால் வெட்டுக்காரன் மனைவிக்கு விட்டேன். நன்றியெல்லாம் அந்தக் குளக்கரை ஊருக்கு. ஆனாலும் அருமனையில் இதை முதலில் செய்தவன் நான்தான். யாரும் வந்து பார்க்கலாம்.