இடுப்பு உயர அடுப்பு

கொத்தனார் வைக்க வசதியில்லாததால் சமையலறை மேடையை நானே கட்டிக்கொள்ளத் தீர்மானித்து மணலை நனைத்தேன். அந்த ஈர வாசனையில் இலுப்பூர் வீட்டு அடுப்படி நினைவுக்கு வந்தது.

அம்மா இறந்தபோது எனக்கு எட்டு வயது. காரியம் முடிந்ததும் அத்தை என் துணிகளை மூட்டை கட்டினாள்.

"பொம்பளை இல்லாத வீட்ல புள்ள எப்புடிண்ணே வளரும்? நான் கறம்பக்குடிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

முட்டி மடங்காத காலோடு அப்பாவால் தரையடுப்பின் முன் உட்கார முடியாது. கொல்லையில் இடிந்து கிடந்த சுவரின் செங்கற்களைச் சுமந்து வந்தார். செம்மண்ணைக் குழைத்து இடுப்பு உயரத்துக்கு மேடை எழுப்பி, அதன்மேல் அடுப்பு போட்டார்.

"ஆம்பளை நின்னுக்கிட்டு ஆக்குறதாண்ணே?" என்றாள் அத்தை.

"ஆக்கிப் பாக்குறேன்மா. புள்ள எங்கூடவே இருக்கட்டும்."

ஈரம் காயாத அடுப்பு புகைந்தது; சோறு அடிப்பிடித்தது. மூவரும் அதையே சாப்பிட்டோம். அத்தை மூட்டையை அவிழ்த்து என் துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வீடு அடங்கிக் கிடந்தது.

"ஆத்தா, நாளைக்கு என்ன கொழம்பு வைக்கலாம்?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.

அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது.

இப்போது என்னிடம் அப்படிக் கேட்க யாருமில்லை. என் ஒருத்தியின் இடுப்பு உயரத்துக்கு அளந்து, சுவரில் கோடு போட்டேன்.